காளியம்மன் கோவில் பக்கத்துப் பூசைக்கடை: கோவிலுக்கும் பயாவுக்கும் ஒரே கூடை

ரங்கூனில் பூசைச் சாமான் எங்கே வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் யோசிக்காமல் சொல்வது ஒரே கடையைத்தான். அனோரதா சாலையில் காளியம்மன் கோவில் கோபுரம் தெரிகிற இடத்திலிருந்து பக்கத்துத் தெருவில் திரும்பி நடந்தால், வாசலில் ஈரச்சாக்கு போர்த்திய பூக்கூடைகளும் பர்மியர் புத்தருக்குப் படைக்கிற தபியே தழைக் கட்டுகளும் வைத்த ஒடுக்கமான கடை ஒன்று வரும். பெயர்ப் பலகை கிடையாது. ‘அக்கா கடை’ என்று கேட்டால் கோவில் வாசலில் பூக்கட்டுகிறவர்கள் கை காட்டுவார்கள். பல வருஷமாக அங்கேதான் வாங்குகிறேன். ஒரு கடைக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்றால், வேண்டும். சாமிக்கென்று வாங்கும் பொருளை ஒருவர் எப்படி விற்கிறார் என்பது, வாங்குகிறவரின் நம்பிக்கையை வளர்க்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுத் தேவை கொஞ்சம் பெரியது. நான் முருகனைக் கும்பிட்டு வளர்ந்த தமிழன். மனைவி பர்மியப் பௌத்தக் குடும்பம். முன்னறையில் புத்தர் மாடம் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே எதையும் வைக்கக் கூடாது என்பது பர்மிய வீட்டு வழக்கம். கொஞ்சம் தள்ளி, தாழ்வாக, முருகன் படமும் என் அம்மாவின் குத்துவிளக்கும். புத்தருக்குக் காலையில் சோறு, தண்ணீர், பூ. உச்சிப்பொழுதுக்கு முன்னால் சோற்றை எடுத்துவிட வேண்டும். முருகனுக்கு வெள்ளிக்கிழமை தேங்காய் பழம். பௌர்ணமிக்குப் பயாவுக்கு, அதாவது பர்மியப் புத்தர் கோவிலுக்குப் போவோம், கிருத்திகைக்குக் கோவிலுக்கு. இப்படி இரண்டுக்கும் வாங்குகிற தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. அவர்களை மனசில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்குள் கோவில் சாமான் ஒரு பக்கம், பயாச் சாமான் ஒரு பக்கம் என்ற பிரிவினை இல்லை. வாடுவது முன்னால், வாடாதது உள்ளே. அவ்வளவுதான் கணக்கு. முன்னால் மல்லிகைச் சரம், ரோஜா, மலைப்பக்கத்திலிருந்து வரும் சாமந்தி, தாமரை மொட்டு, வெற்றிலை, மாவிலை, அறுகம்புல், தபியே தழை. உள்ளே விபூதி, குங்குமம், சந்தனக்கட்டை, திரி, நல்லெண்ணெய், கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, தண்ணீர் படைக்கிற சின்னக் கோப்பைகள், மாண்டலேயில் அடித்துத் தயாரிக்கிற தங்க ரேக்கு. டப்பாக்களில் தமிழிலும் பர்மியத்திலும் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார். தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இங்கே அதிகம். யாரையும் கேட்காமல் அவர்களே எடுத்துக்கொள்ள இது பெரிய உதவி. சரஸ்வதி சிலை மட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேர்வு நெருங்கினால் பர்மியப் பிள்ளைகளும் வாங்குகிறார்கள். அவர்களுக்கு அவள் பௌத்த மறைநூலான திரிபிடகத்தைக் காக்கிற தேவி.

தேங்காயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோவிலுக்கா, கடோபுவேக்கா என்று அக்கா முதலில் கேட்பார். கோவிலுக்கு என்றால் குடுமி வைத்த முற்றிய காய். காதருகே ஆட்டிப் பார்ப்பார். கண் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார்; ஈரம் கசிந்தால் ஒதுக்கிவிடுவார். பிறகு இன்னொரு காயால் லேசாகத் தட்டிச் சத்தம் கேட்பார். கடோபுவே என்பது வாழைச்சீப்புகளுக்கு நடுவில் தேங்காயை நிறுத்தி வைக்கிற பர்மியப் படையல் தட்டு. அதில் காயை உடைப்பதில்லை. காம்பு ஒட்டியிருக்க வேண்டும், மேல்தோலில் அடிபட்ட தழும்பு இருக்கக் கூடாது. அதற்கு வேறு குவியல். ஒன்று உடைபடப் போகிற காய், மற்றது முழுசாக உட்காரப் போகிற காய். இரண்டையும் ஒரே அக்கறையோடு பொறுக்குகிறார். ஒதுக்கிய காய்களைச் சமையலுக்கென்று விலை குறைத்துத் தனியாக விற்கிறார். சாமிக்கென்று கேட்டு வருகிறவருக்கு அதை மறந்தும் தருவதில்லை.

ஒரு ஆடி வெள்ளியன்று நான் அங்கே நின்றிருந்தபோது ஒரு அம்மா கோவிலிலிருந்து முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். மகனுடைய வேலை விஷயமாக அர்ச்சனை. உடைத்த தேங்காய் அழுகல்.

“என்ன குத்தமோ தெரியலையே தங்கச்சி, இதுக்குப் பரிகாரம் ஏதாச்சும் இருக்கா?”

பூசைக்கடைக்காரருக்கு இதைவிட நல்ல வியாபாரம் வாசலுக்கு வராது. எலுமிச்சை மாலை, விளக்கு, இன்னும் என்னென்னவோ விற்றிருக்கலாம். அக்கா வேறொரு காயை எடுத்துத் தட்டிப் பார்த்து அவர் பைக்குள் வைத்தார்.

“காய் அழுகினது என் சரக்குக் குறைம்மா. உங்க பிள்ளை தலையெழுத்துல ஒரு குறையும் இல்ல. போய் இதை உடைச்சுட்டு வாங்க.”

காசு வாங்கவில்லை. அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோவிலுக்குத் திரும்பிப் போனார். நான் இந்தக் கடையை விட்டு வேறு கடைக்குப் போகாததற்கு இந்த ஒரு பேச்சே போதும்.

எல்லாக் கடையும் இப்படி இல்லை. எங்கள் மகள் புதன்கிழமை மதியம் பிறந்தவள். பர்மிய வழக்கத்தில் பிறந்த கிழமைகள் எட்டு. புதனை இரண்டாகப் பிரித்துப் பிற்பகலை ராகுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ரங்கூனின் பெரிய பயாவான ஷ்வேடகோனைச் சுற்றிக் கிழமைக்கொரு மூலை உண்டு. ராகுவுக்கு வடமேற்கு, அந்த மூலைக்கு உரிய விலங்கு தந்தமில்லாத யானை. நம் பஞ்சாங்கத்திலும் புதன்கிழமை ராகுகாலம் 12 மணியிலிருந்து 1.30 வரை. அவள் பிறந்தது அதற்குள். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு கடைக்காரர், எந்தக் கடை என்பது வேண்டாம், கறுப்புத் துணி, உளுந்து, வெள்ளியில் செய்த பாம்பு என்று ஒரு பெரிய கூடையையே எங்கள் தலையில் கட்டினார். வருஷா வருஷம் செய்யாவிட்டால் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்றும் சொல்லி அனுப்பினார். பணம் போனதுகூடப் பெரிசில்லை. மனைவி அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. தொட்டிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருஷம் அதே பட்டியலை அக்காவிடம் நீட்டினேன். முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதெல்லாம் வேணாம் அண்ணே. பயாவுல அந்த மூலைக்குப் போயி, பிள்ளைய விட்டே தண்ணி ஊத்தச் சொல்லுங்க. வயசுக்கு ஒரு கோப்பை, மேல ஒண்ணு. கோவில்ல நவக்கிரகத்துக்கு ஒரு விளக்கு போடுங்க. மனசு கேக்கலைன்னா ஒரு முழம் பூ வாங்கிக்குங்க. அதுவே போதும்.”

ஒரு முழம் பூ மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம். மகள் இப்போதும் அந்த மூலையில் கோப்பைகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டே தண்ணீர் ஊற்றுகிறாள். எண்ணிக்கை கூடுவதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பயத்தில் வாங்கிய கூடையும் அன்பில் வாங்கிய கூடையும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் எங்கே என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நசிகேதன்தான் நினைவுக்கு வருகிறான். கடோபநிஷத்தின் தொடக்கமே ஒரு மோசமான தானம். எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டிய வேள்வியில் அவன் அப்பா பசுக்களைத் தானம் செய்கிறார். எப்படிப்பட்ட பசுக்கள்? குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்து முடித்தவை, தின்ன வேண்டிய புல்லைத் தின்று முடித்தவை, பால் வற்றியவை, இனி ஈனாதவை. அதைப் பார்த்ததும் சிறுவனுக்குள் சிரத்தை புகுந்தது என்கிறது உபநிஷதம். பெரியவர்கள் செய்வதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வதுதான் சிரத்தை என்றால், அவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அவனோ, “அப்பா, என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டு, எமன் வீட்டு வாசல் வரைக்கும் போகிறான். கொடுப்பது மெய்யாக இருக்க வேண்டும் என்ற தவிப்புதான் அங்கே சிரத்தை. சிரத்தையில்லாமல் செய்த வேள்வியும் தானமும் தவமும் இங்கேயும் உதவாது, போன பிறகும் உதவாது என்று கீதையின் 17-ஆம் அத்தியாயம் முடிகிறது. அதே கீதை 9-ஆம் அத்தியாயத்தில், அன்போடு கொடுத்தால் இலையோ பூவோ பழமோ தண்ணீரோ போதும் என்கிறது. ஒதுக்கிய காயைச் சாமிக்கென்று மறந்தும் தராத அக்கா இதையெல்லாம் படித்தவரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

நசிகேதன் கதை என் மனைவிக்கும் பிடிக்கும். ஆனால் அவள் ஒரு விஷயத்தில் என்னோடு ஒத்துப்போக மாட்டாள். நான் முருகனிடம் பேசுகிறேன், கேட்கிறேன், கோபித்துக்கொள்கிறேன். அந்தப் பக்கம் ஒருவன் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புத்தரோ பரிநிர்வாணம் அடைந்துவிட்டார். வரம் தர அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அப்புறம் எதற்குத் தினமும் அந்தக் கோப்பையில் தண்ணீர் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். “என் மனசு தெளியறதுக்கு” என்றாள்.

வீட்டுப் பேச்சாகச் சொன்னாள் என்றுதான் நினைத்தேன். மிலிந்த மன்னனும் நாகசேனர் என்ற பிக்குவும் பேசிக்கொள்கிற ‘மிலிந்த பஞ்ஹ’ என்ற பழைய பாலி நூலில் நாகசேனர் சொன்ன பதிலைப் படித்தபோதுதான் அவள் பேச்சு எவ்வளவு பழையது என்று புரிந்தது. பர்மாவில் அந்த நூலைத் திரிபிடகத்தோடே சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம்பிக்கையின் அடையாளம் என்ன என்று மன்னன் கேட்கிறான். நாகசேனர் இரண்டு சொல்கிறார். முதலாவது தெளிவித்தல். சக்கரவர்த்தி ஒருவன் யானை, குதிரை, தேர், காலாளோடு ஓர் ஓடையைக் கடக்கிறான், தண்ணீர் சேறாகிவிடுகிறது. குடிக்கத் தண்ணீர் கேட்டதும், ஆட்கள் நீரைத் தெளிவிக்கும் ரத்தினக்கல் ஒன்றை ஓடையில் போடுகிறார்கள். பாசி விலகுகிறது, சேறு அடியில் படிகிறது. மனசில் நம்பிக்கை வந்தால் நடப்பது அதுதான் என்கிறார். இரண்டாவது தாவுதல். வெள்ளம் புரளும் ஆற்றங்கரையில் கூட்டம் தயங்கி நிற்கிறது. தன் பலம் தெரிந்த ஒருவன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தாவிக் கடக்கிறான். அதைப் பார்த்து மற்றவர்களும் கடக்கிறார்கள். அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனதில் இந்த இரண்டுமே இருந்தது என்று எனக்குப் படுகிறது.

கேட்டுப் பார்த்து நம்புவதா, நம்பிவிட்டுக் கேட்பதா என்ற சண்டையும் பௌத்தத்தில் பழசுதான். கேசபுத்தம் என்ற ஊரின் காலாமர் குலத்தார், வந்து போகிற ஆசிரியர்களில் யார் சொல்வது மெய் என்ற சந்தேகத்தோடு புத்தரிடம் வந்து கேட்டார்கள். கேள்விப்பட்டது, பரம்பரையாக வந்தது, ஏட்டில் இருப்பது என்பதற்காக மட்டும் ஏற்காதீர்கள் என்று புத்தரே அவர்களுக்குச் சொன்னார். நம் மணிமேகலையும் வஞ்சியில் எல்லாச் சமயக்காரர்களும் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் காஞ்சியில் அறவண அடிகளிடம் போய் அறம் கேட்டாள். தபுசனும் பல்லிகனும் அதற்கு நேர்மாறு. வழியோடு போன இரண்டு வியாபாரிகள். புத்தரைப் பார்த்தார்கள், அரிசி மாவுருண்டையும் தேனும் கொடுத்தார்கள், அவரையும் தம்மத்தையும் சரணடைந்தார்கள். பிக்குகளின் சங்கம் என்ற ஒன்று அப்போது உண்டாகவே இல்லை. அவர்களுக்குக் கிடைத்த புத்தரின் தலைமுடிதான் ஷ்வேடகோனுக்குள் இருக்கிறது என்பது இந்த ஊர் நம்பிக்கை. புத்தருடைய முதல் உபாசகர்கள், அதாவது இல்லறச் சீடர்கள், கடைக்காரர் ஜாதி என்று அக்காவிடம் சொன்னேன். “அப்ப எனக்கும் இடம் உண்டு” என்று சிரித்தார்.

கடைச் சுவரில் தமிழ்நாட்டுக் காலண்டர் ஒன்று வருஷம் முடிந்தும் கழற்றாமல் தொங்குகிறது. கண்ணப்பர் படம். அக்கா பூ கட்டி முடிக்கும்வரை ஒரு நாள் நாங்கள் காத்திருந்தோம். மனைவி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அகோ, இவர் ஏன் கண்ணைக் குத்திக்கிறார்?”

சொன்னேன். வேடன், பூசை தெரியாதவன். வாயில் தண்ணீர், தலையில் பூ, தின்று ருசி பார்த்த இறைச்சி. லிங்கத்தின் ஒரு கண்ணில் ரத்தம் வழிகிறது. தன் கண்ணை அம்பால் அகழ்ந்து அப்புகிறான். மறு கண்ணிலும் ரத்தம். இடம் தெரிய வேண்டுமே என்று காலை அங்கே ஊன்றிக்கொண்டு அடுத்த கண்ணுக்கு அம்பை வைக்கும்போது ‘நில்லு கண்ணப்ப’ என்று ஈசன் கை வந்து தடுக்கிறது. இந்தக் கடையில் ஒரு சாமானும் வாங்கத் தெரியாதவன்தான் சிவனுக்கு எல்லாரிலும் பிரியமானவன் என்றும் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வக்கலி கதையைச் சொன்னாள். புத்தரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற ஆசையுள்ள பிக்கு. ராஜகிருகத்தில் ஒரு குயவர் வீட்டில் நோயாகக் கிடக்கிறார். புத்தர் பார்க்க வருகிறார். தங்களை வந்து தரிசிக்க நெடுநாளாக உடம்பில் தெம்பில்லையே என்று வக்கலி வருந்துகிறார். “போதும் வக்கலி, இந்த அழுகும் உடம்பைப் பார்த்து என்ன ஆகப் போகிறது? தம்மத்தைப் பார்க்கிறவன் என்னைப் பார்க்கிறான்” என்கிறார் புத்தர். சிரத்தையுள்ள பிக்குகளில் முதலானவர் என்று புத்தர் சொன்னதும் அந்த வக்கலியைத்தான்.

இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு மயிர் கூச்செறிகிறது. இரண்டு பேரும் அன்பில் முதல்வர்கள். இரண்டு பேருக்கும் பார்ப்பதில்தான் உயிர். ஒருவன் தன் கண்ணையே கொடுத்துவிடுகிறான், தெய்வம் ஓடிவந்து கையைப் பிடிக்கிறது. மற்றவரிடம் குருவே வந்து, என்னைப் பார்த்தது போதும், கண்ணை அந்தப் பக்கம் திருப்பு என்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கண்ணப்பரின் அன்புக்கு எதிரே ஒரு முகம் வேண்டும். வக்கலி அந்த முகத்தைத் தாண்டிப் போக வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு மாடமும் இருப்பதற்குக் காரணம் இரண்டும் ஒன்று என்பதல்ல; எங்களில் யாரும் மற்றவருடையதைச் சின்னதாக நினைக்கவில்லை என்பதுதான். அக்காவின் கடையில் எனக்குப் பிடித்ததும் அதுவே. கோவில் காய்க்கும் கடோபுவே காய்க்கும் வேறு வேறு குவியல். அக்கறை மட்டும் ஒன்று.

இந்த ஊரும் அப்படித்தான் வளர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இந்தக் காளியம்மன் கோவிலைக் கட்டியது 1871-இல். அதே வருஷம் மாண்டலேயில் மிண்டோன் மன்னர் ஐந்தாம் பௌத்த மாநாட்டைக் கூட்டினார். ஷ்வேடகோன் உச்சிக்குப் புதுக் குடை அனுப்பியதும் அந்த வருஷம்தான்.

சரி, குறைகள். இடம் ரொம்பச் சின்னது. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில்தான். விலை எழுதிப் போட்டிருக்கவில்லை, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதைய நிலைமையில் வாரத்துக்கு வாரம் விலை மாறுவதால் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. தெய்ஞ்சி சந்தையோடு ஒப்பிட்டால் பூ கொஞ்சம் கூடுதல், தேங்காய் கிட்டத்தட்ட அதே விலை. கற்பூரம் இரண்டு தரம் வைத்திருக்கிறார். மலிவானதில் கரி நிறையப் படியும் என்று கேட்காமலே சொல்லிவிடுவார். தங்க ரேக்கு நல்ல சரக்கு. ஆனால் வாங்கினால் அங்கேயே ஒரு கெட்டி அட்டைக்குள் வைத்துத் தரச் சொல்லுங்கள், பையில் போட்டால் கசங்கிவிடும். தொலைபேசியில் சொல்லி வைக்கிற வேலை இங்கே சரிப்படாது. மின்சாரம் போனால் தொடர்பும் போய்விடும். நேரில் போய்ச் சொல்லி, பெயரைச் சீட்டில் எழுத வைத்துவிட்டு வருவதுதான் நல்லது.

காலையில் பூ இறங்கியவுடன் போனால் நல்லதாகப் பார்த்து எடுக்கலாம். தைப்பூசத்துக்கும் தடிஞ்சுட்டு என்ற பர்மிய விளக்குத் திருவிழாவுக்கும் மாலை வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னாடியே சொல்லிவிடுங்கள். பை கொண்டுபோங்கள். பட்டியல் கொண்டுபோனால் முதலில் அவரிடம் காட்டுங்கள், பாதியை அடித்துவிட்டுத்தான் கட்டுவார்.